சுவிஸ் மச்சான் வந்திருக்கார்

மட்டக்களப்பு மாமாங்கேசுவரர் கோயிலில் கொடியேறச் சில நாட்கள் இருக்கும்போதே எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு வாடகை வான் வந்து நிற்கும். கதவு திறந்ததும் முதலில் ஒரு பெரிய சூட்கேஸ் இறங்கும், அடுத்து இன்னொரு பெரிய சூட்கேஸ், கடைசியாகச் சுவிஸ் மச்சான். அங்கே பள்ளிக்கூடங்களுக்கு யூலையிலும் ஆகஸ்டிலும் கோடை விடுமுறை. இங்கே அது ஆடி அமாவாசைத் தீர்த்தக் காலம். இரண்டும் ஒன்றாய் வருவது மாமாங்கப் பிள்ளையாரின் கருணை என்பது மாமியின் கட்சி. பிள்ளைகளின் லீவுக் காலத்தில் விமான ரிக்கெற் விலை என்ன என்று மச்சான் கணக்குச் சொல்லுவார். அது அவருடைய கட்சி.

இவர் ஒரு ஆள் அல்ல. கல்லடியில் ஒருவர், ஆரையம்பதியில் ஒருவர், களுவாஞ்சிகுடியில் இரண்டு மூன்று பேர் என்று வாவிக்கரை நெடுக இருக்கிறார். வீட்டில் வைத்த பெயர் எதுவாயிருந்தாலும் ஊரில் அழைக்கும் பெயர் சுவிஸ்தான். முக்கால் காற்சட்டை, இடுப்பில் ஒரு சின்னப் பை, கையில் தண்ணீர்ப் போத்தல். இருபது வயதுவரை எந்தக் கிணற்றில் வாளி போட்டு அள்ளிக் குடித்தாரோ அந்தக் கிணற்றை இப்போது எட்டிப் பார்த்துப் படம் மட்டும் எடுப்பார்.

சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனால் முன்வாசலால் நுழைய மாட்டார். பின்பக்கம் போய், கோப்பை கழுவுற இடத்தைப் பார்ப்பார். கையால் மேசையைத் தடவிப் பார்ப்பார். கடைக்காரர் சுகாதாரப் பரிசோதகர் வந்துவிட்டார் என்று பதறிப்போய் ஒரு பிளேன்ரீயை இலவசமாகக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. அதைச் சிரிப்பாக எடுக்கக்கூடாது. சுவிஸ் ஹோட்டல் ஒன்றின் அடுக்களையில் கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, கடைசியில் அடுப்படிக்கு உயர்ந்த மனிசன். அந்தப் பரிசோதனைக்கு அவருக்குத் தகுதி உண்டு.

ஆனால் மச்சானின் உண்மையான தொழில் ஒப்பிடுவது. முதல் நாள் பின்னேரமே கல்லடிப் பாலத்துக்குப் போகவேண்டும். பாலத்தின் நடுவில் நின்று, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, வாவியை ஒரு சுற்றுப் பார்ப்பார்.

"இது அப்பிடியே நம்மட தூண் ஏரிதான் மச்சான். மலை மட்டும் இல்ல."

"மலையும் இல்லாட்டி மறுகா என்ன இரிக்கி ஒரே மாதிரி?"

"தண்ணி."

சுவிசில் இருக்கிற தூண் ஏரியின் ஆழம் 217 மீற்றர். இதை மச்சான் சொல்லும்போது, தோண்டியவர்களில் தானும் ஒருவர் என்ற தோரணை முகத்தில் தெரியும். எங்கள் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். ஆழம் என்று பார்த்தால் பல இடங்களில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துபோகலாம். வீச்சு வலைக்காரர் பலர் அப்படித்தான் நடக்கிறார்கள். மச்சானுக்கு இது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. நீளத்தில் நாங்கள் வென்றதை அவர் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்தது பாலம். லுசேர்ன் நகரத்தில் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய மரப்பாலம் ஒன்று இருக்கிறது. மேலே கூரை, கூரைக்குக் கீழே முக்கோணச் சித்திரங்கள். 1993 ஆகஸ்டில் ஒரு இரவு அது தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோனது. அடுத்த வருடமே திருப்பிக் கட்டி மக்களை நடக்கவிட்டார்கள். இதை அவர் சொல்லும்போது, நாம் நின்றுகொண்டிருப்பது 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தில். அதற்குத் துணையாக ஒரு புதுப்பாலம் வர 2013 ஆனது. ஒரு வருடத்துக்கும் எண்பத்தொன்பது வருடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மச்சான் விரல் விட்டு எண்ணிக் காட்டுவார். பக்கத்தில் தூண்டில் போட்டபடி இருந்த ஒரு வயதாளி திரும்பிப் பார்த்து, "இடையில நாங்க எத்தினய பாத்தம் தம்பி" என்றார். அதன்பிறகு கொஞ்ச நேரம் பாலங்களைப் பற்றிப் பேச்சில்லை.

கோட்டை விஷயத்திலும் இதே கதை. தூண் நகரத்தில் 12ஆம் நூற்றாண்டுக் கோட்டை மலைமேல் நிற்கிறது. காசு கொடுத்து ரிக்கெற் எடுத்து உள்ளே போகவேண்டும். புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த எங்கள் கோட்டைக்குள் நெடுங்காலம் கச்சேரி நடந்தது. காணிப் பிணக்குக்கும் கையெழுத்துக்கும் ஊர்ச்சனம் முழுக்க அந்தக் கோட்டைக்குள் இலவசமாக ஏறி இறங்கியிருக்கிறது. மச்சானின் தகப்பனார் அங்கே அலைந்த அலைச்சலை நினைத்தால், காசு கட்டிப் பார்க்கிற கோட்டையே மேல் என்று தோன்றும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதில் எனக்குப் பிடிப்பு உண்டு. சூரிச் ஏரிக்கும் இரண்டு கரை. பின்னேர வெயில் விழும் கரையில் பணக்காரர் வீடுகள். அதற்குத் தங்கக் கரை என்றே பெயர். எதிர்க்கரை சளி பிடிக்கிற கரை என்று நக்கல். எங்களுக்கும் எழுவான்கரை, படுவான்கரை என்று சூரியனை வைத்தே பிரிவு. எழுவான்கரையில் பட்டினமும் பள்ளிக்கூடங்களும் சுவிஸ்காரர் கட்டிய மாடிவீடுகளும். படுவான்கரையில் வயலும் மாடும், மட்டக்களப்புத் தயிரின் பெருமை முழுவதும். "அங்க வெயிலுக்குக் காசு, இங்க என்னத்துக்குக் காசு?" என்று மச்சான் கேட்டார். "பஸ்ஸுக்கு" என்றேன்.

கொண்டுவரும் சாமான் பற்றியும் சொல்லவேண்டும். டோப்லரோன் முக்கோணம் இல்லாத சுவிஸ் மச்சானை நான் கண்டதில்லை. எங்கள் வெக்கைக்கு அது வந்த அன்றே உருகிச் சாய்ந்துவிடும். 2023இல் அந்தப் பெட்டியிலிருந்த மற்றர்ஹோர்ன் மலையை எடுக்கப்போவதாகக் கம்பனி அறிவித்தது. உற்பத்தியில் ஒரு பகுதி ஸ்லோவாக்கியாவுக்குப் போவதால், சுவிஸ் அடையாளத்தைப் பாவிப்பதற்கான சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்தச் செய்தியைச் சொன்னபோது மச்சான் உண்மையாகவே கவலைப்பட்டார். அவருக்கு அங்கே நிரந்தர வதிவிட அனுமதி கிடைக்க எத்தனையோ வருடம் எடுத்தது. மலைக்கே இப்படி ஒரு நாள் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

இவ்வளவு ஏரியும் மலையும் பேசுகிற மனிசன் முதலில் அவற்றை எப்போது பார்த்தார் என்று ஒருநாள் குடைந்து கேட்டேன். ஊர் இருக்கிற நிலையில் இருக்க ஏலாது என்று எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் போன பொடியன்மாரில் அவரும் ஒருவர். அகதி விண்ணப்பம் போட்டவர்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்து அனுப்புவார்கள். அப்படி ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குப் போகும் ரயிலின் யன்னலால் ஓடிப்போனதுதான் முதல் ஏரி. பெயர் தெரியாது, கேட்கப் பாஷையும் இல்லை. பிறகு இன்டர்லாக்கனில் வேலை. இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கிற ஊர். உலகமெல்லாம் காசு சேர்த்து வந்து பார்க்கிற இடம். மலையைப் பார்த்த யன்னல்கள் எல்லாம் விருந்தாளிகளுக்கு. அடுக்களை நிலத்துக்குக் கீழே. அதற்கிருந்த ஒரு சின்ன யன்னலால் தெரிந்தது குப்பைத் தொட்டி.

"லீவு நாளில போய்ப் பாத்திருக்கலாமே?"

"லீவு நாளில இன்னொரு வேல இரிந்தது மச்சான்."

அவர் யுங்ஃப்ராவ் மலைக்கு முதன்முதல் ஏறியது கனடாவிலிருந்து ஒரு சித்தப்பா வந்தபோது. 3,454 மீற்றர் உயரத்தில் ஒரு ரயில் நிலையம். மலைக்குள் பதினாறு வருடம் குடைந்து 1912இல் பாதையைத் திறந்தார்கள். அரைக்கட்டண அட்டை இல்லாதவருக்குப் போய்வர 200 பிராங்குக்கும் மேலே. சித்தப்பா, சித்தி, இரண்டு பிள்ளைகள். ரிக்கெற் எடுத்தவர் மச்சான். மேலே போனால் வெள்ளை முகில், முன்னுக்கு நின்ற சித்தியையே காணவில்லை. "முகிலப் பாக்கிறதெண்டா நான் ரொறன்ரோவிலயே பாத்திரிப்பேன்" என்றாராம் சித்தப்பா.

அன்றிலிருந்து மச்சான் ஒரு வழி கண்டுபிடித்தார். மலையுச்சியில் கமரா வைத்திருக்கிறார்கள். காலையில் கைத்தொலைபேசியில் பார்த்தால் மேலே வானம் எப்படி என்று தெரிந்துவிடும். வெயில் என்றால் முகத்தைச் சுளித்து, "இண்டைக்கு மேல ஒரே முகில்" என்று விருந்தாளிகளிடம் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு வானை எடுத்து ரைன் அருவிக்கு விடுவார். இருபத்துமூன்று மீற்றர் உயரத்திலிருந்து ஒரு ஆறு முழுவதும் விழுகிற இடம். கோட்டையிருக்கிற பக்கம் நின்றால் கட்டணம், வடகரையில் நின்றால் காசில்லை. அதே தண்ணீர், அதே சத்தம். மச்சானின் விருந்தாளிகள் எல்லோரிடமும் ரைன் அருவிப் படம் இருப்பதும், எல்லாப் படமும் வடகரையில் எடுத்ததாக இருப்பதும் இதனால்தான்.

இங்கே வந்தால் அங்கேயுள்ள ஏரிகள் என்றால், அங்கே போனதும் தட்டு மாறிவிடும். வேலைத்தலத்தில் அவர் பேசுவது முழுக்க மட்டக்களப்பு வாவி. எங்கள் ஏரியில் மீன் பாடும் என்று தலைமைச் சமையல்காரரிடம் சொல்ல, அந்த மனிசன் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார். எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேயர் 1848இல் தோணியில் போய்க் கேட்டு எழுதிவைத்திருக்கிறார் என்று சொன்ன பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. இது மான விஷயம். அதனால் இந்தமுறை பௌர்ணமி இரவில் ஒலிப்பதிவு செய்தே தீருவது என்று வந்திருந்தார்.

தோணி பிடித்தோம். பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சத்தம் இல்லாத இடம் பார்த்துத் தோணிக்காரர் நிறுத்தினார். துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மறு நுனியில் காதை வைத்துக் கேட்பதுதான் வழக்கம். மச்சான் காதை வைத்தார். பிறகு காதை எடுத்துவிட்டுக் கைத்தொலைபேசியை வைத்தார். புதுப்பாலத்தில் ஒரு ஓட்டோ போனது. பின்னால் கல்முனை பஸ். கரையோரக் கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போட்டார்கள். தோணிக்காரர் மட்டும், "கேக்குதா? இப்ப கேக்குது... விட்டிட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்குக் கேட்டதா, கூலிக்காகக் கேட்டதா என்று பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், தண்ணீர் தட்டும் சத்தத்துக்கு நடுவே கம்மிய ஒரு நாதம் உண்மையாகவே இருந்தது. மச்சான் துள்ளிக் குதித்தார். அவருடைய மகள், பதினான்கு வயது, ஒருதரம் கேட்டுவிட்டு, "அப்பா, அது உங்கட மூக்கு" என்றாள்.

ஒவ்வொரு வருடமும் ஒரு நுவரெலியாப் பயணமும் உண்டு. "சின்ன சுவிஸ் காட்டுறன், வாங்க" என்று வானில் பதினான்கு பேரை அடைப்பார். 1873இல் கிரகரி தேசாதிபதி காலத்தில் கட்டிய ஏரியைச் சுற்றி மட்டக்களப்பார் எல்லோரும் பற்கள் கிட்ட நடப்பார்கள். மச்சானும் நடுங்குவார். "அங்க குளிருக்க நிண்டா சம்பளம் தாறானுகள். இங்க நாம காசு குடுத்துக் குளிருறம்" என்று மாமி சொன்னது அங்கேதான்.

மாமியை ஒருமுறை உண்மையான சுவிசுக்கும் கூப்பிட்டார். தொண்ணூறு நாள் விசா. தூண் ஏரியில் 1906ஆம் ஆண்டு நீராவிக் கப்பல் ஒன்று இன்னும் ஓடுகிறது. அதில் ஏற்றி, எதிரே தெரிந்த பனிமலைகளை வரிசையாகக் காட்டி, பெயர் சொன்னார். மாமி மலையைப் பார்க்கவில்லை. குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குள்ள இறால் இரிக்கா மனே?"

"இல்ல மாமி."

"நண்டு?"

"இல்ல."

"ஒண்டுமில்லாமத்தான் இவ்வளவு ஆழமா வெச்சிரிக்கானுகளா?"

மீன் இருக்கிறது, ஆனால் பிடிப்பதற்குப் பெரும்பாலும் அரசாங்கத்துக்குக் காசு கட்டி உரிமம் எடுக்கவேண்டும் என்று மச்சான் விளக்கினார். மாமிக்கு அதோடு அந்த நாட்டின் மேலிருந்த மதிப்பு பாதியாய்க் குறைந்தது. மிச்சப் பாதி, மாடிவீட்டில் உடுப்புத் தோய்க்கிற இயந்திரத்துக்குத் தவணை போட்டிருந்ததைக் கண்டதும் போனது. ஊருக்கு வந்து பெண்டுகளைக் கூட்டி வைத்து அவர் சொன்ன சுவிஸ் கதை முழுவதும் அந்தத் தோய்ச்சல் தவணைதான். மலை ஒரு வரியில் முடிந்தது.

போகிற நேரம் சூட்கேஸ் இரண்டும் திரும்பவும் நிறையும். இறால் கருவாடு, மிளகாய்த்தூள், மணக்காமல் மூன்று உறைக்குள் சுற்றிய ஊறுகாய். தயிர்ச் சட்டியை மட்டும் எடுத்துப் பார்த்து, வெளிநாட்டுப் பால் சாமான் உள்ளே விடமாட்டார்கள் என்று வாசலில் நின்றே பாதியைத் தின்று முடிப்பார். அந்த நேரத்தில் எந்த ஏரியோடும் எதையும் ஒப்பிட மாட்டார்.

இந்தமுறை வானில் ஏறமுன் என் கையைப் பிடித்தார். "வாற வருசம் நீயும் வா மச்சான். நான் கடிதம் போடுறன். லுசேர்ன், தூண், இன்டர்லாக்கன் எல்லாம் காட்டுறன்."

"யுங்ஃப்ராவுக்கும் போவமா?"

மச்சான் மட்டக்களப்பு வானத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார்.

"வாற யூலையிலயா? மேல ஒரே முகிலா இரிக்கும் மச்சான்."