நாவலாசிரியை வருகிறார், பராக்!

தெருவுக்கு ஒரு குடும்ப நாவலாசிரியை இருக்கிறார். உங்கள் தெருவில் இல்லை என்று தோன்றினால், அவர் இன்னும் உங்களிடம் சொல்லவில்லை என்று அர்த்தம். அடையாளம் சுலபம். தள்ளுவண்டியில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பவர் சட்டென்று பேச்சை நிறுத்திக் கைப்பேசியை எடுத்துத் தட்ட ஆரம்பிப்பார். கணக்குப் போடுகிறார் என்று பயந்து வண்டிக்காரர் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைப்பார். உண்மையில், கோயம்புத்தூர்த் தொழிலதிபன் ஒருவனின் வலது புருவம் எந்த இடத்தில் உயர வேண்டும் என்பது அந்த நொடியில்தான் அவருக்குப் பிடிபட்டிருக்கும்.

இவர் எழுதுவது காதல் கதை. முதல் அத்தியாயத்தில் தாலி, இருபதாவது அத்தியாயத்தில் காதல் என்பது நடைமுறை. நாயகன் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைந்தாலும் ஆகாது. 'குரூப் ஆஃப் கம்பெனீஸ்' முதலாளி. அந்தக் கம்பெனிகள் என்னதான் தயாரிக்கின்றன என்று நாவல் முடியும்வரை யாரும் கேட்பதில்லை. ஜிஎஸ்டி கட்டியதாகவும் எங்கும் குறிப்பில்லை. கோபம் வந்தால் காரை வேகமாக ஓட்டுவான். அவன் ஓட்டும் சாலையில் பள்ளமோ, ஷேர் ஆட்டோவோ, மெட்ரோ வேலைத் தடுப்போ குறுக்கே வராது. நாயகியிடம் இருப்பவை இரண்டு சுடிதாரும் அளவில்லாத சுயமரியாதையும். இருவருக்கும் நடுவே ஒரு சந்தேகம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டால் நாவலும் தீர்ந்துவிடும் என்பதால் யாரும் உட்காரமாட்டார்கள்.

இவரை எழுத்தாளராக்கியது பெரும்பாலும் வாடகை நூலகம். பள்ளி விடுமுறையில் அருணோதயம் வெளியிட்ட ரமணிசந்திரன் நாவல்களை வரிசையாக எடுத்து வந்து, கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்த தலைமுறை அது. பத்து நாவல்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்த பைண்டு புத்தகம் தெருவெல்லாம் சுற்றிவிட்டு வரும்போது கடைசி நான்கு பக்கம் இருக்காது. நாயகன் மன்னிப்புக் கேட்டானா, நாயகி ஏற்றாளா என்று தெரியாமல் ராத்திரி தூக்கம் வராது. வேறு வழியில்லாமல் முடிவை இவரே மனத்துக்குள் எழுதிப் பார்ப்பார். பிறகு நல்ல பிரதி கிடைத்து அசல் முடிவைப் படித்ததும், 'நம்ம முடிவே தேவலை' என்று ஒரு நினைப்பு வரும். எழுத்தாளர் பிறந்தது அப்போதுதான். தமிழ்க் காதல் நாவலின் வளர்ச்சியில் கிழிந்த பக்கங்களுக்குள்ள பங்கை எந்த ஆய்வாளரும் இதுவரை கண்டுகொள்ளவில்லை.

எழுதும் நேரம் என்று தனியாக ஒன்று கிடையாது. மலைவாசஸ்தலத்தில் அறை எடுத்து எழுதுகிற எழுத்தாளர்களைப் பற்றி இவரும் கேள்விப்பட்டிருக்கிறார். இவருக்கு வாய்த்தது சமையல் மேடை. குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஊடல். ஆவி அடங்குவதற்குள் சமாதானம். நாயகி கண்ணீர்விடும் கட்டங்கள் சின்ன வெங்காயம் உரித்த நாள்களில் எழுதப்பட்டவை. நாயகன் மண்டியிட்டு மோதிரத்தை நீட்டுகிற நேரம் பார்த்து, "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" என்று குரல் வரும். எழுந்து போய்விடுவார். சாக்ஸ் கிடைத்து, டிபன் கட்டி, துணி காயப்போட்டுத் திரும்ப மறுநாள் மாலை ஆகிவிடும். அதுவரை அந்த ஆறடி மனிதன் முழங்காலில் நின்றபடியே இருப்பான். தொழிலதிபர்களுக்கு இவ்வளவு பொறுமை இருப்பது இவர் கதைகளில் மட்டும்தான்.

புனைபெயருக்கு ஒரு வாரம், தலைப்புக்கு இரண்டு வாரம். உயிர், நிலா, மழை, நிழல், விழி, நீ, நான் என்ற ஏழு சொற்களைக் குலுக்கிப் போட்டால் தலைப்பு விழும். கடைசியில் மூன்று புள்ளி கட்டாயம். எப்படிக் குலுக்கினாலும் அதே தலைப்பை யாராவது முன்பே வைத்திருப்பார்கள். அப்போது நான்காவதாக ஒரு புள்ளியைச் சேர்த்துத் தனித்துவத்தைக் காப்பாற்றிக்கொள்வார்.

முன்பெல்லாம் கதை வெளிவர வேண்டுமானால் மாத நாவல் இதழாசிரியர்களின் தயவு வேண்டும். போட்ட தபால் போனதா என்பதே தெரியாது. 2014-இல் பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளம் வந்தது. 2016 கடைசியில் கிண்டிலில் தமிழ் நுழைந்தது. தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் வேலை மிச்சமாயிற்று. முதல் அத்தியாயத்தைப் போட்டுவிட்டு இரவு முழுக்க எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் எண்ணிக்கை பதினொன்று. அதில் ஒன்பது அவரே திறந்து பார்த்தது. மீதி இரண்டில் ஒருவர் எழுதியிருப்பார்: "சூப்பர் சிஸ். அடுத்த யூடி எப்போ?" யூடி என்றால் புது அத்தியாயம். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இருக்காது. வீட்டில் யாராவது அதைச் சுட்டிக்காட்டினால் சிரித்துக்கொண்டே உப்பு ஜாடியை எடுத்து வைப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டுதான் குடும்பத்தாருக்கு முதல் சந்தேகம் எழும்.

கதை சூடுபிடித்ததும் டொரோண்டோவிலிருந்து ஓர் அக்கா, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தங்கை, ஷார்ஜாவில் இரவு ஷிப்ட் பார்க்கும் நர்ஸ் என்று சுற்றம் பெருகும். எல்லாரும் உரிமையோடு கட்டளை இடுவார்கள். "அவனைச் சும்மா மன்னிச்சிடாதீங்க அக்கா. குறைஞ்சது அஞ்சு எபியாவது அலையவிடுங்க." இவர் மூன்றாவது அத்தியாயத்திலேயே மன்னித்துவிட்டால் அன்று இரவு கண்டனங்கள் குவியும். "இந்நேரத்துல யாரோட பேச்சு?" என்று கணவர் கேட்பார். "ஹீரோ திருந்திட்டான்னு எல்லாரும் கோவிச்சுக்கிறாங்க" என்று பதில் வரும். அந்த வீட்டில் அதற்கு மேல் கேள்விகள் எழுவதில்லை.

பிறகு ஒரு நாள் பதிப்பகத்திலிருந்து போன் வரும். "வணக்கம் மேடம்" என்று குரல் கேட்டதுமே, கிரெடிட் கார்டு விற்கிறார்கள் என்று நினைத்து இணைப்பைத் துண்டித்துவிடுவார். மறுபடி அழைத்து, "உங்க கதையைப் புத்தகமாப் போடலாமா?" என்று கேட்பார்கள். சன்மானம் எவ்வளவு என்று கேட்க நினைத்தவர் வாயிலிருந்து, "நான் எவ்வளவு தரணும்?" என்றுதான் வரும். பதிப்பாளர் அந்த நல்ல உள்ளத்தை உடனே குறித்துக்கொள்வார்.

அட்டைப்படம் தனிக்கதை. நாயகி தேனிப் பக்கம். முழங்கால்வரை பின்னல், மாநிறம், தாவணி. அட்டையில் பொன்னிறக் கூந்தலோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏதோ பாலத்தில் சாய்ந்திருப்பாள். "அந்தப் பொண்ணு நம்ம கதையிலேயே இல்லையே" என்று கேட்டால், "விற்கும் மேடம்" என்பார்கள். இப்போது கணினியே படம் வரைந்து தருகிறது. பின்னல் சரியாக வந்துவிடுகிறது. கையில்தான் சில நேரம் ஆறு விரல்.

ஐஎஸ்பிஎன் என்ற பதின்மூன்று இலக்க எண் கிடைத்த அன்று, பிறந்த குழந்தைக்கு ஜாதகம் வந்ததுபோல அதைக் கணவரிடம் படித்துக் காட்டுவார். 1954-ஆம் வருடச் சட்டப்படி, அச்சாகும் நூல் ஒவ்வொன்றின் ஒரு பிரதியைப் பதிப்பாளர் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் அனுப்பவேண்டும் என்று தெரிந்ததும் தலை சுற்றும். 1896-இல் திறந்த கன்னிமாராவில், சங்க இலக்கியமும் அகராதிகளும் இருக்கிற கட்டடத்தில், தன் தொழிலதிபனும் புருவத்தை உயர்த்திக்கொண்டு நிற்கப்போகிறான். அடுத்த இரண்டு நாள் யாரிடம் பேசினாலும் பேச்சு எப்படியோ எழும்பூர்ப் பக்கம் திரும்பிவிடும்.

புத்தகம் கைக்கு வந்ததும் முதல் பிரதி பிள்ளையார் காலடிக்கு. நான்கு மூலையிலும் மஞ்சள். இரண்டாவது அம்மாவுக்கு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் படித்துவிட்டு, "உனக்கு இதெல்லாம் எப்படிடி தெரியும்?" என்பார். இரண்டு பிள்ளைகளைப் பெற்று நாற்பது வயதைத் தாண்டிய பெண் அந்தக் கேள்விக்கு விழிப்பது பார்க்க வேண்டிய காட்சி. கணவருக்கு வேறு கவலை. நாயகனுக்குத் தலைநிறைய முடி, தனக்கு இல்லை. எழுபதாம் பக்கத்துக்கு மேல் படிக்காமல், "யார் இவன்?" என்று மட்டும் கேட்பார். மாமியார் வாயே திறக்கமாட்டார். ஆனால் கதையில் வரும் கொடுமைக்கார அத்தையும் காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று சொல்கிறாள் என்பதை அவர் கவனிக்காமலில்லை. அன்றிலிருந்து சர்க்கரையில்லாமலே குடிக்க ஆரம்பித்துவிடுவார். இலக்கியம் வாழ்க்கையைத் திருத்துமா என்ற பழைய விவாதத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் எங்கும் கிடைக்காது.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. 1977 முதல் நடப்பது. இப்போதெல்லாம் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில். முகத்தில் புழுதி, கையில் மிளகாய் பஜ்ஜி, மனத்தில் ஒரே இலக்கு: தன் புத்தகம் இருக்கும் அரங்கு. அது கீழ்த் தட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும். யாரும் பார்க்காதபோது எடுத்து, அதிகம் விற்கிறவர்களின் அடுக்குக்கு மேலே வைத்துவிட்டு, அறியாதவர்போல நகர்வார். பத்து நிமிடத்தில் இன்னொரு நாவலாசிரியை வந்து அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் தன்னுடையதை மேலே வைப்பார். இருவரும் பிறகு தேநீர்க் கடையில் சந்தித்து உயிர்த்தோழிகளாவார்கள்.

அங்கேதான் முதல் கையெழுத்தும். கல்லூரிப் பெண் ஒருத்தி புத்தகத்தை நீட்டுவாள். இவருக்குத் தெரிந்தது வங்கிக் காசோலைக் கையெழுத்து ஒன்றுதான். அதைப் போடலாமா, போட்டால் பணம் போய்விடுமா என்று யோசித்து, கடைசியில் பள்ளி நோட்டில் எழுதுவதுபோல முழுப் பெயரையும் எழுதித் தேதியும் இடுவார். வீட்டுக்கு வந்து பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் ஐம்பது விதமாகப் போட்டுப் பழகுவார். அடுத்த வாசகர் வரும்வரை அந்தப் பயிற்சி தொடரும்.

பணம் வராமலில்லை. கிண்டில் சந்தாதாரர்கள் படிக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் சில பைசா. மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்துத்தான் கணக்கில் விழும். முதல் தொகை வந்த குறுஞ்செய்தியைப் படம் பிடித்து வைத்துக்கொள்வார். செலவழிக்க மனம் வராது. அரைக் கிலோ மைசூர்பாகு வாங்க அது போதாது என்று கணவர் சொல்வார். மீதியை அவரே போட்டு வாங்கியும் வருவார். அன்றுதான் நாயகனின் தலைமுடியை அவர் மன்னிப்பார்.

புகழின் உச்சம் எது என்று கேட்டால் இந்த வட்டாரத்தில் ஒரே பதில்: திருட்டு பிடிஎஃப். புத்தகம் டெலிகிராமில் இலவசமாகச் சுற்றுகிறது என்று தெரிந்ததும் முதலில் அழுகை, பிறகு கொதிப்பு. அதற்குள் தோழிகள் அழைத்துவிடுவார்கள்: "உங்களுதும் வந்துடுச்சா? வாழ்த்துகள்! என்னோடது இன்னும் வரலை." திருடிப் படித்தவர் ஒருவரே தனிச்செய்தி அனுப்புவார். "பிடிஎஃப்ல முப்பதாம் பக்கம் இல்லை அக்கா. கொஞ்சம் அனுப்பிவைங்களேன்." தான் பிறந்து வளர்ந்ததே கிழிந்த பக்கங்களில் என்பதால் இவராலும் மறுக்க முடியாது. அனுப்பிவைப்பார்.

இலக்கியவாதி உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. "இன்னும் இந்த மாதிரிதான் எழுதறியா?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்பார். அதற்கென்றே இவரிடம் இரண்டு விவரங்கள் தயார். வை.மு. கோதைநாயகி தன் முதல் படைப்பை வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். அப்படித் தொடங்கியவர் 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி 115 நாவல்கள் எழுதினார். குடும்பக் கதைகளால் வீடுதோறும் அறியப்பட்ட டாக்டர் லக்ஷ்மி 1984-இல் சாகித்ய அகாடமி விருது பெற்றார். இரண்டையும் சொல்லிவிட்டு, "நீங்க எழுதின நாவல் எத்தனை மாமா?" என்பார். மாமா அவசரமாகப் பாயசம் கேட்பார். அவருடைய கைப்பேசியில் முப்பதாம் பக்கம் இல்லாத அந்த பிடிஎஃப் இருப்பது வேறு விஷயம்.

நாம் சிரிக்கலாம். ஆனால் சாக்ஸுக்கும் சாம்பாருக்கும் நடுவே கிடைத்த துண்டு நேரத்தில் முந்நூறு பக்கம் எழுதி முடிப்பது விளையாட்டில்லை. சொன்ன நாளில் அத்தியாயம் தரும் ஒழுங்கு நம் பெரிய எழுத்தாளர்கள் பலருக்கே வாய்த்ததில்லை. ஆகவே, உங்கள் தெரு நாவலாசிரியையின் புத்தகம் வெளிவந்தால் "எனக்கு ஒரு காப்பி கிடையாதா?" என்று கை நீட்டாதீர்கள். காசு கொடுத்து வாங்குங்கள், கையெழுத்தும் கேளுங்கள். புத்தகக் காட்சியின் பத்து சதவீதக் கழிவைக்கூடக் கேட்காமல் வாங்கினால், அடுத்த நாவலில் நாயகனின் உயிர் நண்பனுக்கு உங்கள் பெயரை வைக்கவும் வாய்ப்புண்டு.