முழுப் பலகையா, காலா?

சமையலறையில் நாங்களே ஆறடிக்குப் பிளைவுட் மேடை போட்டோம். கிரைண்டரைத் தூக்கி வைத்ததும் நடுவில் தொய்கிறது. வேறு கனமான பலகை வாங்கலாம் என்கிறார் கணவர். வாங்கவா?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

முழுப் பலகை எதற்கு? கால் போதும், நடுவில்!

தாங்கும் இடைவெளி பாதியானால் தொய்வு பாதியாகாது. எட்டில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். முன் விளிம்பின் அடியில் இரண்டு அங்குல மரச்சட்டம் ஒன்றை, படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, பசை தடவி ஸ்குரூ முடுக்குங்கள். மேல் தாளின் ரேகை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பலகை சீக்கிரம் வளையும்.

அப்பளத்துக்கு உளுந்தும் பிரண்டையும் புழங்குகிற ஊர் உங்களுடையது, ஈரத்துக்குக் குறைவிருக்காது. பலகையில் ஈரம் தாங்கும் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா, பாருங்கள். வெட்டிய விளிம்புகளுக்கு இன்றே பெயிண்ட் அடித்துவிடுங்கள். தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான்.