ஆரியசாலைக் கோழிச்சாறு

கர்க்கடக மாத மழை பிடித்துக்கொண்டால் திருவனந்தபுரம் ஆரியசாலையில் எங்கள் வீட்டு முற்றம் நாலு நாளைக்குக் காயாது. 1971-இல் அப்படி ஒரு மழையில்தான் காய்ச்சலில் விழுந்தேன். எட்டு வயது. பதினோரு நாள் கஞ்சியையும் சுட்ட பப்படத்தையும் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. காய்ச்சல் விட்ட அன்று அம்மா புறவாசலுக்குப் போய், முட்டையிடுவதை நிறுத்தி மூன்று மாதமாகியிருந்த செம்பட்டைக் கோழியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

அன்றைக்குக் கோழி அத்தனை சுலபமாக அடுப்பேறாது. பண்டிகைக்கு ஒன்று, சம்பந்தக்காரர் வந்தால் ஒன்று, நோயிலிருந்து எழுந்தவருக்கு ஒன்று. மற்ற நாளெல்லாம் மீன்தான். அப்பாவுக்குச் சொந்த ஊர் தக்கலை. அவர் சாலைக் கடைத்தெருவில் நல்லமிளகு போன்ற மலஞ்சரக்கு விற்கிற ஒரு கடைக்குக் கணக்கெழுத வந்தபோது தக்கலையும் திருவனந்தபுரமும் ஒரே திருவிதாங்கூருக்குள் இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தக்கலை, அன்று சென்னை மாநிலமாயிருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அப்பா சாலையிலேயே தங்கிவிட்டார். வீட்டில் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்ததுண்டு. நல்லமிளகுக்கு வந்ததில்லை.

அடுக்களை வாசலில் பாய் விரித்து என்னைப் படுக்க வைத்திருந்ததால் அம்மா அன்று செய்ததெல்லாம் கண்ணுக்குள் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா கோழியை அறுத்துக் கொடுத்தார். அம்மா இறகு பிடுங்கி, காய்ந்த ஓலையைக் கொளுத்தி வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவினாள். காலை எறியவில்லை. வெந்நீரில் முக்கி, மேல்தோலைக் காலுறை கழற்றுவதுபோல உரித்து, நகத்தை வெட்டினாள். கால், கழுத்து, முதுகெலும்பு எல்லாவற்றையும் அம்மியில் வைத்துக் குழவியால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. எலும்பில் விரிசல் விழுந்தால் போதும், நொறுங்கக் கூடாது. பிறகு மண்சட்டியில் பச்சைத் தண்ணீர், அதில் கோழி, ஒரு பிடி கொச்சுள்ளி, பூண்டு, இஞ்சி, மல்லி. உப்பு கடைசியில்தான்.

விறகை வெளியே இழுத்துவிட்டுச் சிரட்டைக் கனலில் சட்டியை வைத்தாள். மேலே ஒதுங்கும் நுரையை அகப்பையால் வழித்துப் போட்டபடி இருந்தாள். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வரலாம். தளதளவென்று கொதித்தால் அவளுக்குப் பொறுக்காது, கனலைப் பிரித்துவிடுவாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஏற்றிய சட்டி விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் இறங்கியது. நல்லமிளகும் சீரகமும் இடித்துத் தூவினாள். பித்தளைச் சேவநாழியில் பிழிந்து அவித்த இடியாப்பம் இரண்டைக் கிண்ணத்தில் உதிர்த்துப் போட்டு, அது முழுகச் சாற்றை ஊற்றினாள்.

“மெள்ளக் குடி மக்களே. சூடா இருக்கு.”

நெற்றியில் வியர்வை முளைத்தது. குடித்து முடித்தபோது என் மேலுதடும் கீழுதடும் லேசாக ஒட்டின. நாக்கால் தடவிப் பிரித்ததும் மறுபடி ஒட்டின. அம்மாவிடம் சொன்னேன். “அப்போ சாறு சரியா எறங்கியிருக்கு” என்றாள்.

1984-இல் முதல் சம்பளம் வாங்கினேன். மூன்று தோழிகளோடு நகரத்தில் ஒரு ஹோட்டலுக்குப் போனேன். அதுவரை பெயராக மட்டும் கேட்டிருந்த சிக்கன் நூடுல் சூப் பீங்கான் கிண்ணத்தில் வந்தது. சோளமாவு கரைத்துவிட்ட கெட்டியான சாறு, நூல் நூலாகப் பிய்த்த கோழி, மெல்லிய நூடுல்ஸ், மேலே வெங்காயத்தாள். அந்தக் கிண்ணத்தின் அழகில் மயங்கிப்போனேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாய் ஓயாமல் பேசினேன். “நீ வைக்கிறது சாறு. அதுதாம்மா சூப்பு” என்று சொன்னேன்.

“அதுல எலும்பு கெடந்துதா மக்களே?”

“ஹோட்டல்ல யாரும்மா எலும்பு போடுவா?”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அவளாக ஒரு நாளும் எனக்குச் சாறு வைக்கட்டுமா என்று கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. 2009-இல் அவள் போய்விட்டாள். அந்த ஒரு வாக்கியத்தை நான் விழுங்கியிருக்கலாம்.

இன்று ஆரியசாலையில் எங்கள் வீட்டைச் சுற்றி நடந்து போகிற தூரத்துக்குள் மூன்று கோழிக்கடை இருக்கிறது. பல்லடம், நாமக்கல் பக்கமிருந்து லாரியில் வருகிற கோழியும் உண்டு, இங்கேயே குடும்பஸ்ரீ பெண்கள் வளர்க்கிற ‘கேரள சிக்கன்’ கோழியும் உண்டு. தினமும் கோழி தின்னலாம். ஆனால் நோயாளிக்குச் சாறு வைக்கிற வீடு எங்கள் தெருவில் எது என்று யோசித்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை. கோழி அபூர்வமாக இருந்த காலத்தில் சாறு இருந்தது. கோழி பெருத்த காலத்தில் அது உறைக்குள் பொடியாகப் போய்விட்டது. எனக்கு இது மனதைப் பிசைகிற விஷயம்.

போன கர்க்கடகத்தில் என் பேத்திக்குக் காய்ச்சல். மகளுக்கு டெக்னோபார்க்கில் வேலை, வீடு கழக்கூட்டத்தில். லீவு கிடைக்காமல் பிள்ளையை என்னிடம் கொண்டுவந்து விட்டாள். பையில் மருந்தும் நாலு உறை சூப்புப் பொடியும் இருந்தன. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் பிள்ளை கேட்டது இதுதான்: “பாட்டி, வீட்லயே செஞ்ச சிக்கன் நூடுல் சூப் வேணும். நூடுல்ஸும் நாமளே செய்யணும்.” ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறாள்.

கடைக்குப் போய்க் கோழிக்கால் கேட்டேன். கடைக்காரப் பையன், “பட்டிக்காணோ அம்மே?” என்றான். நாய்க்கு இல்லை, பேத்திக்கு என்றதும் அவன் முகம் மாறியது. அரைக் கிலோ கால், கழுத்து, சதை எடுத்த முதுகெலும்பு எல்லாம் பொறுக்கிப் போட்டான். காலுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான்.

காலைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. கறிக்கோழி ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ தேறிக் கடைக்கு வந்துவிடுகிறது. சதை இருக்கும், தசைநாரும் குருத்தெலும்பும் அந்த வயதில் முற்றியிருக்காது. எங்கள் செம்பட்டை மூன்று வருஷம் முற்றத்தைக் கிளறி நடந்த கோழி. நாரிலும் தோலிலும் குருத்தெலும்பிலும் இருக்கிற கொலாஜன் என்கிற புரதம் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்து ஜெலட்டினாகக் கரைகிறது. உதட்டை ஒட்டவைத்தது அதுதான். இளங்கோழியில் குறைகிற அந்தப் பசையைக் கால் ஈடுகட்டும், ஏனென்றால் காலில் சதையே இல்லை, தோலும் நாரும் எலும்பும்தான். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு சிதறித் தண்ணீரோடு கலந்து சாறு வெளுத்துக் கலங்கும் என்பதும் பின்னால் படித்துத் தெரிந்ததுதான். அம்மாவின் கைக்குத் தெரிந்திருந்தது.

12-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் வாழ்ந்த யூத மருத்துவர் மைமோனிடிஸ் கோழிச்சாற்றை மருந்தாகச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஸ்டீபன் ரென்னார்ட் என்கிற டாக்டர் தன் மனைவி வீட்டுப் பாட்டியின் சூப்பை ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுபோனார். சளியின்போது வீக்கத்தைக் கூட்டுகிற ஒரு வகை வெள்ளணுக்களின் நகர்வை அது மட்டுப்படுத்துகிறது என்று 2000-இல் எழுதினார். சோதனைக்குழாயில் கண்டது அது. மனித உடம்பில் அப்படியே நடக்கும் என்று அவரும் அடித்துச் சொல்லவில்லை. எனக்கு அதைவிட, உலகத்தின் அந்தக் கோடியிலும் ஒரு பாட்டி சட்டியருகே நின்றிருக்கிறாள் என்பதுதான் நெருக்கமாக இருந்தது.

வாங்கி வந்ததைச் சட்டியில் ஏற்றினேன். ஒரு கிலோ எலும்புக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். கேஸ் அடுப்பை உள்ளதிலேயே சிறியதாக வைத்து மூன்று மணிநேரம். அதற்குள் பரணிலிருந்து சேவநாழியை இறக்கினேன். பச்சை பிடித்திருந்தது. புளி போட்டுத் தேய்த்ததும் மஞ்சளாக எழுந்துவந்தது. பிடியில் அம்மாவின் கை பட்டுத் தேய்ந்த இடம் இன்னும் வழவழவென்று இருந்தது.

இருநூறு கிராம் மைதாவுக்கு இரண்டு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. பிசைவது பேத்தியின் வேலை. பிழிவதற்கு இளக்கமாக வேண்டும் என்பதால் ஒரு கரண்டி தண்ணீர் சேர்த்து அரைமணிநேரம் மூடிவைத்தோம். தனிப் பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் கொதித்தது. சாற்றிலேயே வேகவைத்தால் மாவு கரைந்து சாறு கலங்கும், அதிலேயே கிடந்தால் நூடுல்ஸ் இருக்கிற சாற்றையெல்லாம் உறிஞ்சிவிடும். நான் நாழியைப் பிடித்துக்கொள்ள, பிள்ளை இரண்டு கையாலும் திருகினாள். தட்டின் அடியில் முதலில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. புள்ளிகள் புழுவாக நீண்டன, நூலாகத் தொங்கின. நனைத்த கத்தியால் அறுத்துவிட்டேன். கொதிநீரில் விழுந்து அடியில் போய், ஒரு மூச்சு விடுகிற நேரம் காணாமல் இருந்து, சுருண்டு மேலே மிதந்து வந்தன. “வந்துடுச்சு! வந்துடுச்சு!” என்று கத்தினாள். மூன்று நாளுக்குப் பிறகு அவள் குரல் அப்போதுதான் எழும்பியது.

வடிகட்டிய சாற்றில் நல்லமிளகும் சீரகமும் போட்டு, நூடுல்ஸின் மேல் ஊற்றினேன். ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தாள். உதட்டை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

“பாட்டி, உதடு ஒட்டுது.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அடுக்களைக்குள் போய் அம்மியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரி மகள் வந்தாள். சட்டியைத் திறந்து, நின்றபடியே ஒரு டம்ளர் குடித்தாள். அப்புறம் இன்னொன்று. “குக்கர்ல வச்சா எத்தன விசில் விடணும்மா?” என்று கேட்டாள். குக்கரில் வைத்தாலும் நன்றாகவே இறங்கும், தீயைக் குறைத்து ஒரு மணிநேரம் விடு, ஆவியை மட்டும் நீயாகத் திறந்துவிடாதே, தானாக அடங்கட்டும் என்றேன். போனை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

“கால் போட மறந்துராத” என்றேன்.