பழஞ்சாமான் புணரியல்

பாரிஸ் மெட்ரோ ஐந்தாம் பாதையின் கடைசித் தரிப்பிடத்துக்குப் 'பொபினி – பப்லோ பிக்காசோ' என்று பெயர். லா சப்பலில் மரக்கறி வாங்கி, கார் து நோரில் ஏறிப் பொபினி வரும் நம்மவர், பைகளோடு இறங்கும் அவசரத்தில் அந்தப் பெயரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அக்குறை நீக்கவே இவ்விலக்கணம்.

பொது விதி: கழித்த பொருள் நிலைமொழி, அதனோடு வந்து சேர்வது வருமொழி, இரண்டும் கூடி நாலுபேர் பார்க்க நிற்பது சிற்பம். புணர்ச்சி இயல்பு, விகாரம் என இரண்டு. விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. நன்னூலார் சொல்லுக்குச் சொன்னதைப் பழைய இரும்புக்கும் கொள்க.

இயல்பு: உறுப்பு மாறாமல் சேர்வது. 1942இல் பிக்காசோ ஒரு சைக்கிள் இருக்கையோடு கைபிடியைச் சேர்த்தார். எருதுத் தலை ஆயிற்று. இருக்கை இருக்கையாகவே இருக்கிறது, முகமாகவும் இருக்கிறது. அது அருங்காட்சியகத்துக்குள் இருந்தாலும் வீதிச் சிற்பங்களுக்குத் தாய்.

தோன்றல்: இல்லாதது முளைப்பது. மிலி லா ஃபொறே காட்டில் ழான் தாங்லி 1969இல் நண்பர்களோடு தொடங்கிய 'சைக்ளோப்', பழைய இரும்பிலிருந்து முளைத்த ஒற்றைக்கண் தலை, உயரம் 22.5 மீட்டர். தாங்லி 1991இல் இறந்தார். தலை 1994இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

திரிதல்: உருவம் நிற்க, உலோகம் மாறுவது. சென் லசார் நிலையத்தின் முன் ஆர்மான் 1985இல் இரண்டு குவியல்களை நிறுத்தினார்: ஒன்று கடிகாரம், மற்றது பயணப்பெட்டி. இரண்டும் வெண்கலமாய்த் திரிந்தவை. பெட்டிக் குவியலின் பிரெஞ்சுப் பெயருக்கு 'ஆயுள்காலப் பொதிவைப்பு' என்று பொருள் சொல்லலாம். அதே காலத்தில் வந்து, "ரெண்டு வரியத்திலை திரும்பிப் போகலாம்" என்று அலுமாரிக்கு மேல் சூட்கேஸை ஏற்றி வைத்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

கெடுதல்: உள்ளது மறைவது. 1960இல் செசார் கார்களை அமுக்கிக் கட்டிகளாக்கிக் காட்சிக்கு வைத்தார். நாலுபேர் இருந்த இடம் கெட்டது. நிறம் மட்டும் எஞ்சியது. பிரெஞ்சுத் திரையுலகின் செசார் விருதும் அவர் இறுக்கிய உலோகமே. வாங்குவோர் மேடையில் அழுவது பாரத்தால் என்பர் ஒரு சாரார்.

போலி: எழுத்து மாறியும் பொருள் மாறாதது. டெல்லியில் 2019இல் திறந்த பூங்காவில் ஏழு உலக அதிசயங்களைப் பழைய இரும்பில் செய்து நிறுத்தினார்கள். அதில் ஐஃபில் கோபுரமும் உண்டு. போலி என்றது ஏச்சு அன்று, இலக்கணம்.

தடை: இவ்வளவும் வெள்ளைக்காரன் கண்டதோ? விடை: அன்று. சாணத்தைப் பிடித்து அறுகம்புல் குத்திப் பிள்ளையார் ஆக்கிய நம் அம்மாமார் எல்லோருக்கும் மூத்தவர்கள். பிக்காசோ கழிவிலிருந்து மாட்டுக்குப் போனார். நாம் மாட்டின் கழிவிலிருந்து கடவுளுக்கே போனோம்.

புறனடை: பிரித்துக் காண முடிவதே நற்புணர்ச்சி. போத்தல் தெரியாதபடி பெயின்ற் பூசிய போத்தல் மயில், புணர்ச்சியில் சேராது. ஒரு பிள்ளை பார்த்து, "இது எங்கடை நிலவறையிலை கிடக்கிற சைக்கிளின்ரை கைபிடியல்லோ?" என்று கேட்டால் சிற்பம் தேறியது. பிக்காசோவும் அதையே விரும்பினார்: எருதுத் தலையை யாராவது குப்பையில் எறிய, வேறொருவர் எடுத்துத் தன் சைக்கிளுக்குக் கைபிடியாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று.