இரண்டு மீற்றர் அண்ணை

குடிபூரலுக்குக் கூப்பிட்டால் மற்றவர்கள் குசினியைப் பார்ப்பார்கள், சாமியறையைப் பார்ப்பார்கள், நிலக்கீழ் அறையை வாடகைக்கு விடலாமா என்று பார்ப்பார்கள். அண்ணை வீட்டுக்குள்ளேயே வரமாட்டார். பக்கவாட்டால் நேரே பின்வளவுக்குப் போய்விடுவார். உள்ளே பால் பொங்கிக்கொண்டிருக்கும். வெளியே "கிர்ர்ர்" என்று ஒரு சத்தம் கேட்கும். காற்சட்டைப் பையிலிருந்த அளவுநாடா புல்லிலிருந்து வேலியின் உச்சிவரை ஏறிவிட்டு, சுருண்டு பெட்டிக்குள் திரும்புகிற சத்தம். ஐயர் தட்சணை வாங்கிப் புறப்படுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

"தம்பி, வேலி உயர்ந்துபோச்சு."

ஸ்காபரோவில் தமிழர் இருக்கிற தெருக்களில் இவர் இல்லாத தெருவை நான் இன்னும் காணவில்லை. ஒரு தெருவில் இளைப்பாறிய வாத்தியார், இன்னொன்றில் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். எங்களுக்கு வாய்த்தவர் கணக்காளர். ஆகவே தசமப் புள்ளிகளும் உண்டு.

ரொறன்ரோ மாநகரச் சட்டக்கோவையில் வேலிகளுக்கென்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 447ஆவது. வள்ளுவரே 133 அதிகாரத்தோடு நிறுத்திக்கொண்டார். அண்ணை 447இல் வந்து குடியேறிவிட்டார். பின்வளவு வேலி 2 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. முன்பக்கம் அதைவிடப் பதிவு. கார் வெளியே வருகிற இடத்திலிருந்து 2.4 மீற்றருக்குள் வேலி போட்டால் கண்ணுக்குத் தெரியிற மாதிரி வலைக்கம்பியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நடைபாதையில் வருகிற பிள்ளையை ஓட்டுநர் காணமாட்டார். இதெல்லாம் நியாயமான சட்டம்தான். சட்டத்தோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் கலியாண நாள் விருந்துக்கு வருகிற ஆளோடுதான்.

என்னுடைய குற்றம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வேலிப் பலகை 6 அடி. அதற்கு மேலே அழகுக்காக ஓர் அடிச் சட்டவலை, மரச்சட்டங்களைக் குறுக்கும் மறுக்கும் அடித்துக் கடையில் விற்பார்களே, அது. மொத்தம் 7 அடி. கனடாக்காரர் பாதிப்பேரின் வேலி இந்தக் கணக்குத்தான். ஆனால் 2 மீற்றர் என்பது 6 அடி 6¾ அங்குலம். இதை அண்ணை நித்திரையிலும் சொல்வார்.

"பதின்மூண்டு சென்ரிமீற்றர் கூட நிக்குது தம்பி."

"பதின்மூண்டிலை என்னண்ணை கிடக்கு?"

"பதின்மூண்டிலை என்ன கிடக்கெண்டோ கேக்கிறீர்? ஊரிலை ஒரு விரலுக்குக் கோட்டுக்குப் போன ஆக்கள் நாங்கள்."

இந்த வேலி 1998க்கு முந்தியது, ஸ்காபரோ ரொறன்ரோவோடு சேரமுதல் போட்டது, பழைய நகரசபையின் சட்டப்படி நிற்கிறது என்று ஒரு புளுகு விட்டுப்பார்த்தேன். அவர் குனிந்து பலகையைத் தடவினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஓர் ஆணியைப் பார்த்தார். "முப்பது வருசத்து ஆணி இப்பிடி மினுங்குமோ தம்பி?" என்றார். கோபமே இல்லாமல்தான் கேட்டார். அதுதான் தாங்கமுடியாதது.

நாடாவுக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. மண்டபத்தில் மணவறையின் உயரத்தை அளந்திருக்கிறார். பிறந்தநாள் வீட்டில் பலூன் வளைவை அளந்து, "உள்ளுக்கெண்டபடியால் பறவாயில்லை" என்று அனுமதி வழங்கியிருக்கிறார். மரச்சாமான் கடையில் வேலிப்பலகை அடுக்கிய பகுதியில் நின்று, அவருக்கு அறிமுகமே இல்லாத ஒரு சீனத் தம்பதிக்குத் தூணை நாலடி ஆழத்தில் நடச்சொல்லி வகுப்பெடுத்ததை நானே கண்டேன். பனிக்காலத்தில் மண் உறைந்து தூணைக் கிளப்பிவிடும் என்பதற்குக் கையாலேயே ஒரு தூணாக எழும்பிக் காட்டினார். தம்பதி கடைச் சிப்பந்தி என்று நினைத்து ஆணி எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். கூட்டிப்போய்க் காட்டினார்.

போன வருடம் அவருடைய கண் எங்கள் பாகலில் விழுந்தது.

என் மனைவி மே மாத நீண்ட வார இறுதி விடுமுறைக்குப் பிறகு கன்றுகளை வெளியே வைப்பாள். ஓகஸ்ட் பிறக்கும்போது கொடி சட்டவலையைத் தாண்டி, நான் கட்டிக்கொடுத்த கம்பிலும் ஏறி, வேலி நெடுகப் பச்சைச் சுவராக நிற்கும். ஒரு பின்னேரம் கிர்ர்ர். எட்டிப் பார்த்தால் அண்ணை தன் வளவுப் பக்கம் கதிரையில் ஏறி நின்று பாகற்கொடியின் நுனியைப் பிடித்து அளக்கிறார்.

"ரெண்டு மீற்றர் அறுபது, பிள்ளை."

"அண்ணை, இது கறி."

"கறிதான். ஆனால் செடி வளர்ந்து வேலியின்ரை வேலையைச் செய்தால் அதுவும் வேலிதான். உந்தச் சட்டத்திலை வேலியெண்டால் என்னெண்டு எழுதியிருக்கிற இடத்திலையே கிடக்கு."

மனைவி ஒரு பை நிறையப் பாகற்காய் ஆய்ந்துகொண்டுபோய்க் கொடுத்தாள். அண்ணை வாங்கினார். பையின் பாரத்தை ஒருதரம் தூக்கிப் பார்த்தார். கொடி என்பது செடியில் அடங்குமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, முதல் உறைபனியோடு எப்படியும் கருகிவிடும், ஒக்டோபர் வரைக்கும் பொறுக்கலாம் என்று அறிவித்தார். சுண்டல் நல்லாயிருந்தது என்றும் சொன்னார்.

இந்த ஆள் பிறந்து வளர்ந்த இடத்தை நினைத்தால்தான் சிரிப்பு வரும். யாழ்ப்பாணத்தில் வேலி என்பது உயிருள்ள சாமான். கிளுவையோ பூவரசோ கிளிசறியாவோ கதியாலாக நட்டு, வரிச்சுப் பிடித்து, கிடுகோ பனையோலையோ வைத்து அடைப்பார்கள். கதியால் வேர்விட்டுத் துளிர்க்கும். அது மட்டுமல்ல, நடக்கும். மாரிக்கு ஒரு விரல் வீதம் அடுத்த வளவுக்குள் நடந்துபோகும். இரவில் நடப்பதால் யாரும் கண்டதில்லை. அண்ணையின் தகப்பனார் இந்த நடைப்பயிற்சியில் பேர்போனவர் என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் எனக்குச் சொன்னார். நான் அண்ணையிடம் கேட்கவில்லை.

ஓலைக்குப் பிறகு அங்கே தகரம் வந்தது, இப்போது எல்லாம் மதில். தகரம் என்றால் அண்ணைக்குப் பொல்லாத கோபம். "நெளிதகரம், மின்சாரக் கம்பி, முட்கம்பி, மூண்டும் இஞ்சை வீட்டுவேலிக்கு ஆகாது" என்று விரல் மடித்துச் சொல்வார். முட்கம்பிக்கு வரும்போது குரல் கொஞ்சம் தாழும். நான் அதையும் பகிடியாகத்தான் எடுத்திருந்தேன்.

அவருடைய வளவு வலிகாமம் வடக்கில். 1990இல் சனம் எழும்பி ஓடியபிறகு அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. சுற்றிவர முட்கம்பி. போர் முடிந்து பல வருடங்களுக்குப் பின்னால் அந்தத் துண்டை விடுவித்தபோது அண்ணை போனார். வீடு இல்லை. வேலி இல்லை, படலை இல்லை, ஒழுங்கை எது என்றே தெரியவில்லை. பற்றைக்குள் கிணறு மட்டும் இருந்தது. கிணற்றுக்கட்டிலிருந்து கிழக்கு எல்லை எத்தனை முழம் என்று அவருக்கு மனப்பாடம். சின்ன வயதில் தகப்பனாரோடு அடைப்புக்குக் கிடுகு எண்ணியவர். சுன்னாகத்துக்குப் போய் ஒரு நாடா வாங்கிவந்து, வெயிலுக்குள் தனியாக நின்று இரண்டு பரப்புக் காணியையும் அளந்து எடுத்தார். இப்போது பையில் இருப்பது அந்த நாடாதான். முதல் சில அங்குலங்களின் எண்கள் தேய்ந்துபோயிருக்கும்.

இதைச் சொன்னதும் உங்களுக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஆனாலும் என் காசு என் காசுதான்.

இந்த ஏப்ரலில் அடித்த காற்றில் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் நின்ற வேலி, நாலு தூண் முறிந்து, என் பக்கம் சாய்ந்தது. காலை ஆறுமணிக்கே அண்ணை அங்கே நின்றார். தூண் இரண்டரை அடிதான் இறங்கியிருக்கிறது என்று குழிக்குள் நாடா விட்டுக் காட்டினார். கிண்டமுதல் நிலத்துக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று பார்க்கச்சொல்லி என்னைக்கொண்டே பதிவுசெய்வித்தார். காசில்லாத சேவை, அவசியமும்கூட, அதற்கு நன்றி. வந்து நிறக்கொடிகள் நட்டுப் போனார்கள். மஞ்சள் காஸ், சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைபேசி என்று என் மகனுக்குப் பாடம் நடந்தது. மருந்தேற்றிய பலகையா சீடர் பலகையா என்பதில் இரண்டு வாரம் போனது. வேலையாட்கள் வந்த இரண்டு நாளும் கதிரை போட்டிருந்து மேற்பார்த்தார். சட்டவலை வைக்க விடவில்லை.

வேலை முடிந்ததும் கணக்கை எடுத்துக்கொண்டு போனேன். ஆளுக்குப் பாதி, 1,400 டொலர். அண்ணை துண்டைப் பார்த்தார். மடித்து என் கையிலேயே தந்தார். எழும்பிப் போய் எல்லைக்கல்லிலிருந்து நாடாவை இழுத்தார்.

"தம்பி, வேலி உம்முடைய காணிக்குள்ளை எல்லோ நிக்குது. ரெண்டு இஞ்சு. பழைய ஆக்கள் போட்ட இடத்திலையே நீரும் போட்டிட்டீர். உம்முடைய காணிக்குள்ளை நிக்கிற வேலிக்கு நான் என்னெண்டு காசு தாறது?"

பதினொரு வருடமாக என்னுடைய 13 சென்ரிமீற்றரை எண்ணிய மனிசன். அவ்வளவு காலமும் இது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்ப அண்ணை, என்ரை ரெண்டு இஞ்சுக் காணி இத்தனை வருசமாய் உங்கடை பக்கம் கிடக்கு. உங்கடை கறிவேப்பிலைச் சாடியும் கத்தரிப் பாத்தியும் அதிலைதான் நிக்குது."

கிர்ர்ர். நாடா பெட்டிக்குள் போய்விட்டது. தேத்தண்ணி குடிக்கிறீரோ என்று கேட்டார்.

புது வேலியின் உயரம் 1 மீற்றர் 98. காசு இன்னும் வரவில்லை.