நள்ளிரவில் அரைத்த மாவு

டோர்ட்முண்ட், ஜெர்மனி
ஜனவரி 2

அன்புள்ள அம்மா,

நலம். போனில் நீ கேட்கும் முதல் கேள்விக்குப் பதில்: சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்பதுதான் பெரிய கதை.

டிசம்பர் 31 ராத்திரி, ஆபீஸ் நண்பர் வீட்டில் விருந்து. புது வருஷத்துக்கு ஆளாளுக்கு ஒரு சபதம் எடுத்தார்கள். ஒருத்தர் ஈஸ்டர் வரைக்கும் இனிப்பைத் தொடமாட்டாராம். சொல்லும்போது கையில் மூன்றாவது பெர்லினர். நடுவில் ஜாம் வைத்த பெரிய போண்டா என்று வைத்துக்கொள். என் முறை வந்தது. “வாராவாரம் வீட்டிலேயே இட்லி மாவு அரைப்பேன்” என்றேன். கைதட்டினார்கள். மாட்டிக்கொண்டேன்.

பெர்லினர் தட்டில் ஏதாவது ஒன்றில் மட்டும் ஜாமுக்குப் பதில் கடுகு விழுதை அடைத்துவைப்பது இந்த ஊர்க் குறும்பு. அது சொல்லிவைத்தாற்போல் எனக்கு வந்தது. எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்கிறார்கள். எனக்கோ நாலு வருஷத்தில் முதல் தடவையாக நாக்கில் சுரணை. “இன்னொண்ணு இருக்கா?” என்று கேட்டு அவர்கள் விளையாட்டைக் கெடுத்தேன். புத்தாண்டுக்குப் பருப்பு சூப் குடித்தால் பணம் சேரும் என்றும் இங்கே ஒரு நம்பிக்கை. தினம் சாம்பார் ஊற்றிச் சாப்பிடும் நம் தெருவை நினைத்துக்கொண்டேன், ஒன்றும் சொல்லவில்லை.

மாவுக்கு வருகிறேன். உளுந்து பிரச்சினையில்லை, யாழ்ப்பாணத்து அண்ணன் கடையில் “உழுந்து” என்று கேட்டால் உடனே வரும். கிரைண்டரும் இருக்கிறது, என் ஸ்வெட்டர்களை வெளியே எறிந்துவிட்டு நீ பெட்டியில் திணித்தது. ஓட்டத்தான் நேரமில்லை. ராத்திரி 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. ஞாயிறு முழுக்கக் கூடாது. எங்கள் கட்டடத்தில் மத்தியானம் 1 முதல் 3 வரையும் கூடாது. சனிக்கிழமை அரையேன் என்பாய். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊறப்போட ஞாபகம் வந்தால்தானே!

ஆனால் வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரி இந்த ஊரே சத்தம் போடும். 29-ஆம் தேதியே கடைகளில் வெடி விற்க ஆரம்பித்துவிடுகிறார்கள். 31 நள்ளிரவில் நம் தீபாவளி தோற்றுப்போகும். அன்று சாயங்காலமே ஊறப்போட்டிருந்தேன். விருந்திலிருந்து பாதியில் கழன்றுகொண்டு வந்து, சரியாக 12 மணிக்கு வெளியே முதல் ராக்கெட், உள்ளே நம் கிரைண்டர். உளுந்து பொங்கப் பொங்க அரைபட்டது.

வெளியே 2 டிகிரி. மாவை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் எரியவிட்டேன். பதினாறு மணி நேரம் கழித்து மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பி நின்றது. உப்புதான் கொஞ்சம் கூடிப்போச்சு, அப்பாவிடம் சொல்லாதே.

நேற்று நாலு இட்லியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பார்க்கப் போனேன். தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்: “உன் வீட்டுப் பக்கம் ஒரு வெடி முக்கால் மணி நேரம் நிற்காமல் ஓடிச்சே, அது எங்கே வாங்கினது?”

“கோயம்புத்தூர்” என்றேன்.

அன்புடன்,
உன் மகன்