ஊரார் விழாவுக்கு நம் மொய்

மலாயாவுக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோருக்குச் சோற்றுக்குப் பஞ்சம் வந்ததுண்டு, விழாவுக்கு வந்ததில்லை. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் நடுவே, கண்காணாத தேசத்தில் யாரோ ஒரு ராஜாவோ ராணியோ ஐம்பதாவது ஆண்டையோ அறுபதாவது ஆண்டையோ எட்டிவிடுவார். தோரணம் மட்டும் இங்கே கட்ட வேண்டும்.

பெரிய வசூல் 1887-ல் நடந்தது. விக்டோரியா மகாராணி அரியணை ஏறி ஐம்பது ஆண்டு. இந்தியாவின் பேரரசி என்று பட்டம் வாங்கிக்கொண்ட அந்த அம்மாள் இந்தியாவையே எட்டிப் பார்த்ததில்லை. கோலாலம்பூருக்கா வரப் போகிறார்? வராவிட்டால் என்ன, மொய் போனது. யாப் குவான் செங், லோக் இயூ, நம் தம்புசாமிப் பிள்ளை என்று பசையுள்ள கைகள் எல்லாம் எழுதின. நிரந்தர நினைவுச்சின்னம் ஒன்று எழுப்புவதாக ஏற்பாடு. எழுப்பவில்லை. பணம் சில ஆண்டுகள் நன்றாகத் தூங்கியது. பிறகு யாருக்கோ புத்தி வந்து அதை எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1893-ல் அடிக்கல், விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் என்று பெயர். சிலையோ தூணோ நட்டிருந்தால் காக்கைகள் பயனடைந்திருக்கும். கமிட்டிக்காரர்களின் சோம்பலால் நாட்டுக்கு நன்மை விளைந்த அபூர்வ சந்தர்ப்பம் இது.

தம்புசாமிப் பிள்ளை விவரமானவர். மகாராணிக்கு மொய் எழுதிய கையோடு பத்துமலைக் குகையில் முருகனையும் வைத்துவிட்டார். இருவரில் யாருக்கு இன்று கூட்டம் என்பதைத் தைப்பூசத்தன்று போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அறுபதாம் ஆண்டுக்கு, 1897-ல், மொய்யோடு மணியும் சேர்ந்தது. கோலாலம்பூர் பாடாங் திடலுக்கு எதிரே ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் வெள்ளிச் செலவில் அரசாங்கக் கட்டடம் எழுந்தது. மலாய் நாட்டில், முகலாயக் கும்மட்டம் வைத்து, வெள்ளைக்காரன் உட்கார்ந்து கணக்கெழுத ஒரு மாளிகை. அதன் கோபுரக் கடிகாரம் முதன்முதலாக அடித்தது மகாராணியின் வைர விழா அணிவகுப்புக்குத்தான். சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட் அப்போது உயிரோடுதான் இருந்தார். எங்கே? எங்கள் பந்திங்குக்குப் பக்கத்தில், ஜுக்ராவில். சொந்தக்காரர் இங்கே, மணி அங்கே, விழா லண்டனில். கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தது 1974-ல், அவர் காலமாகி 76 ஆண்டு கழித்து. அரசாங்கக் கோப்பு அவ்வளவு வேகத்தில் நகர்ந்ததே பெரிது.

ரப்பர் தோட்டத்து ஜனத்துக்கு இந்த விழாக்களில் கிடைத்தது என்ன? துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் பாக்கியம். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்வெட்டும் தமிழர்கள் வேலையை நிறுத்தினார்கள். தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்த ஆர். எச். நாதன் முன்னால் நின்றார். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது. சாம்ராஜ்யத்துக்கு அது பொறுக்கவில்லை. பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, ஐந்து பேர் செத்தார்கள். நாதனை நாடு கடத்தினார்கள்.

அந்த ஆண்டு முடியும்போது ஜப்பான்காரனே சைக்கிளில்தான் வந்து சேர்ந்தான். துரைமார்கள் காரிலிருந்தும் இறங்கி ஓடினார்கள்.

விழா மட்டும் ஓடவில்லை. ஏப்ரல் 29, ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாள்; தோக்கியோ இருக்கும் திசையைப் பார்த்துக் குனிய வேண்டும். 1942 ராத்திரியோடு ராத்திரியாக 2602 ஆனது. மகாராணிக்கு அடித்த அதே மணிக்கூண்டு ஒன்றரை மணி முன்னால் தாவித் தோக்கியோ நேரத்துக்கு மாறியது. தோட்டத்தில் ஆளெண்ணும் ஐந்தரைப் பெரட்டு ஏழு மணிப் பெரட்டானது. இருட்டு அதே இருட்டுதான். சம்பளம் வாழைமரப் படம் போட்ட நோட்டில். பிறகு சயாம் மரண ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

1957 ஆகஸ்ட் 31-க்கு முந்தைய இரவு, அந்த மணிக்கூண்டு பன்னிரண்டு அடிக்க, பாடாங்கில் யூனியன் ஜாக் இறங்கியது. மறுநாள் காலை மழை பெய்து மெர்டேக்கா அரங்கத்தின் விழாவை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டது. பிரதமர் துங்கு 'மெர்டேக்கா' என்று ஏழு முறை முழங்கினார். நம்மவர்களும் தொண்டை கட்டக் கத்தினார்கள். கத்தியவர்களில் பலர் குடியுரிமைக்கு மனுப் போடவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து, குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு 'வேலை பெர்மிட் எங்கே' என்று கேட்டபோதுதான், இத்தனை காலமும் வெளிநாட்டில் இருந்திருக்கிறோம் என்பது அவர்களுக்கு உறைத்தது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள்.

ராணிக்கு மொய் எழுதினோம், சக்கரவர்த்திக்குக் குனிந்தோம், துங்குவோடு கத்தினோம். 1941 வேலைநிறுத்தத்துக்கு மட்டும் தோரணம் கட்டியதில்லை. பந்திங்கிலும் கிள்ளானிலும் சங்கம் நடத்தும் பெரியவர்களே, பொன்னாடை, குத்துவிளக்கு, மூன்று மணி நேரச் சிறப்புரை எதுவும் வேண்டாம். அந்தத் துப்பாக்கி வெடித்த மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஊர்வலம் வையுங்கள். எதிரே டத்தோவின் கார் வந்தாலும் யாரும் இறங்க வேண்டாம்.